நான் என்ன கொலையா பண்ணினேன்? கிறிஸ்தவர்கள் சொல்லும் பாவம் என்பது என்ன

பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாயங்காலம் டீ குடிக்கப் போனால், கையில் மைக்கும் தோளில் ஸ்பீக்கருமாக ஒருவர் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். போன மாதம் என்னோடு வந்த நண்பன் கிறிஸ்தவன் இல்லை, பிரதோஷம் தவறாமல் சிவன் கோயிலுக்குப் போகிறவன். "பாவிகளே, மனந்திரும்புங்கள்" என்று ஸ்பீக்கர் அலறியதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏல, யாரைப் பாத்துப் பாவிங்காரு? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

நான் பிறந்த கையோடு ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கன். பாவம் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மூச்சு விடாமல் பதில் ஒப்பித்தவன். ஆனாலும் அங்கே நின்று அவனுக்கு உருப்படியாக ஒன்றும் சொல்ல வரவில்லை. அன்றைக்கு வாயில் வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல். தமிழில் அது செய்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. மழையில் நனைகிற நாய்க்குட்டியைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்கிறோம், அங்கே பாவம் என்றால் இரக்கம். சீட்டுப் பணத்தோடு ஊரை விட்டு ஓடியவன் "படுபாவி", அது வசவு. நம்ப முடியாத செய்தி கேட்டால் "அடப்பாவி", அதில் பாதி வியப்பு, பாதி செல்லம். இது போக நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே பதிந்துபோன ஒரு படம் உண்டு: எமலோகத்தில் சித்திரகுப்தன் பேரேட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு பக்கம் பாவம், மறுபக்கம் புண்ணியம், கடைசியில் கூட்டிக் கழித்து மிச்சம் பார்ப்பார். என் நண்பன் கோபப்பட்டது இந்தப் பேரேட்டை வைத்துத்தான். தன் பற்றுப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும், அப்புறம் எப்படி முன்பின் தெரியாத ஒருவர் வந்து அவனைப் பாவி என்று சொல்லலாம்? அந்தக் கணக்கில் பார்த்தால் அவன் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

சிக்கல் என்னவென்றால், மைக் பிடித்தவர் சொல்கிற பாவம் அந்தப் பேரேட்டில் இருப்பது அல்ல. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, அதாவது பைபிளின் இரண்டாம் பாகம், 1715இல் அச்சாகி முடிந்தது. அவருக்கு முன்பே இங்கே கத்தோலிக்கக் குருமார்கள் இருந்தார்கள். யாராக இருந்தாலும் ஊரில் ஏற்கெனவே புழங்கிய சொல்லைத்தானே எடுத்தாக வேண்டும்? எடுத்தார்கள். சொல் ஒன்றுதான், உள்ளே இருக்கிற சரக்கு வேறு. அந்தச் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பைபிளின் முதல் பாகமான பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அதில் பாவத்துக்கு ஒரு சொல் அல்ல, பல உண்டு, அடிக்கடி வருவது மூன்று. முதலாவது 'ஹட்டா'. குறி தவறுவது என்பது அதன் ஆதிப் பொருள். இது பண்டிதர்கள் இழுத்துப் பிடித்துச் சொல்கிற விளக்கம் என்று நினைத்தால், நியாயாதிபதிகள் புத்தகத்தில் 20ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: பென்யமீன் கோத்திரத்தில் இடதுகைக்காரர்கள் 700 பேர் இருந்தார்கள், கவணில் கல் வைத்துச் சுழற்றினால் ஒரு மயிரிழையைக்கூடத் தப்பாமல் அடிப்பார்கள் என்று வருகிறது. அந்தத் 'தப்பாமல்' என்கிற இடத்தில் இருப்பது இதே வினைச்சொல்தான். சாமி, சர்ச் எதுவும் இல்லாத வெறும் கவண்கல் பேச்சு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹமார்த்தியா'வும் அதே குறி தவறுகிற சொல்தான், நாடக நாயகனை வீழ்த்துகிற பிழைக்கு அரிஸ்டாட்டில் பயன்படுத்தியதும் அதையே.

பிரசங்கிகளுக்கு இந்தக் குறி தவறுகிற விளக்கம் ரொம்பப் பிடிக்கும், பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தினால் பாவம் ஏதோ கைத்தவறு மாதிரி ஆகிவிடும். அதனால்தான் மற்ற இரண்டு சொற்களும் வேண்டியிருக்கிறது. 'பெஷா' என்பது கலகம், அரசியல் சொல். ஆகாப் ராஜா இறந்தபிறகு மோவாப் நாடு இஸ்ரவேலுக்கு அடங்க மறுத்துக் கிளம்பியதைச் சொல்லவும் இதே சொல்தான். இங்கே குறி தவறவில்லை, வேண்டுமென்றே திரும்பி நிற்கிறான். மூன்றாவது 'அவோன்', கோணல், வளைந்துபோனது, அந்தக் கோணலால் தலைமேல் வந்து உட்கார்ந்த பழியும் சேர்த்து. நம் தமிழ் பைபிள் இந்த மூன்றையும் பாவம், மீறுதல், அக்கிரமம் என்று பிரித்துத்தான் எழுதுகிறது. 51ஆம் சங்கீதத்தின், அதாவது தாவீது ராஜா பாடியதாகச் சொல்லப்படும் ஜெபப் பாட்டின், முதல் இரண்டு வசனங்களிலேயே மூன்றும் வரிசையாக வந்துவிடும்.

அந்தச் சங்கீதத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, பாவம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டால் வரையறையை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. தாவீது ராஜா மாடியில் உலாவும்போது ஒரு பெண் குளிப்பதைப் பார்க்கிறார். பத்சேபாள், தன் படைவீரன் உரியாவின் மனைவி. ஆள் அனுப்பி அழைத்துக்கொள்கிறார், அவள் கர்ப்பமாகிறாள், அதை மறைக்கப் பல வழி பார்த்து ஒன்றும் நடக்காமல், கடைசியில் உரியாவைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்தி, மற்றவர்கள் பின்வாங்கும்படி கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோகிறவனே உரியாதான். ஆள் செத்தான், துக்கம் முடிந்தது, பத்சேபாள் அரண்மனைக்கு வந்தாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது நாத்தான் என்கிற தீர்க்கதரிசி ஒரு வழக்கைச் சொல்வது போல வருகிறார். ஒரு ஊரில் ஒரு பணக்காரன், ஒரு ஏழை. பணக்காரனுக்கு ஆடு மாடு ஏராளம். ஏழையிடம் விலைக்கு வாங்கி வளர்த்த ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி, அவன் சாப்பாட்டிலேயே தின்று, அவன் கிண்ணத்திலேயே குடித்து, அவன் மடியில் படுத்து, மகள் மாதிரி வளர்ந்தது. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தான், தன் ஆட்டில் ஒன்றைப் பிடிக்க மனசில்லாமல் ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீதுக்குக் கோபம் பொங்குகிறது, அந்த மனுஷன் சாக வேண்டியவன் என்கிறார். நாத்தான் சொல்கிற பதில் மூன்றே சொல்: "நீயே அந்த மனுஷன்."

இதில் கவனிக்க வேண்டியது தாவீதின் கோபம் பொய்க்கோபம் இல்லை என்பது. அநியாயத்தைக் கண்டால் பொங்குகிற மனசு அவரிடம் நன்றாகவே வேலை செய்கிறது, தன் பக்கம் மட்டும் திரும்பவில்லை. சட்டம் தெரியாமல் செய்ததும் இல்லை. ஒரு பார்வையில் குறி தவறி, அப்புறம் அதிகாரத்தை வைத்து மீறி, கடைசியில் தன்னையே பார்க்க முடியாத அளவுக்குக் கோணிப்போன ஒரு ஆள். மூன்று சொல்லும் ஒரே மனிதனுக்குள். (சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இடறும். உரியாவின் பிணம் எங்கே போயிற்று? மனிதனுக்குச் செய்த அநியாயம் அவனைப் படைத்தவருக்கே செய்தது, அதனால்தான் அப்படி என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் புரிகிறது, இடறல் போகவில்லை.)

சரி, தாவீது செய்தது கொலை. என் நண்பன் கொலை செய்யவில்லையே? இங்கேதான் கிறிஸ்தவம் ஒரு படி உள்ளே போகிறது.

அகுஸ்தீனார் என்று கத்தோலிக்கர்களும், அகஸ்டின் என்று மற்றவர்களும் சொல்கிற ஆள், வடஆப்பிரிக்காக்காரர், 354 முதல் 430 வரை வாழ்ந்தவர், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரத்தின் ஆயர். தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதிய புத்தகத்தில், 16 வயதில் சொந்த ஊரான தகாஸ்தேயில் செய்த ஒரு திருட்டைப் பக்கம் பக்கமாக அலசுகிறார். என்ன திருட்டு? பேரிக்காய். வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரி மரம், பழம் பார்க்கவும் நன்றாக இல்லை, தின்னவும் நன்றாக இல்லை. ராத்திரி நேரம் கூட்டாளிகளோடு போய் உலுக்கி அள்ளி வந்து, ஒன்றிரண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். நம் ஊரில் மாங்காய் அடிக்காத பையன் உண்டா? இதற்குப் போய் இவ்வளவு பக்கமா என்று முதலில் சிரிப்பு வரும்.

அவரை உறுத்தியது பழத்தின் விலை அல்ல. பசி இல்லை, அதைவிட நல்ல பழம் தன்னிடமே இருந்தது, அப்புறம் எதற்காகச் செய்தோம்? திருடுவதில் இருந்த ருசிக்காக, செய்யக்கூடாது என்பதற்காகவே. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார், கூட்டாளிகளுக்கு முன் வெட்கப்படாமல் இருப்பதற்கு வெட்கப்பட்ட வயசு அது. தாவீதுக்காவது ஆசை இருந்தது, மறைக்க வேண்டிய பயம் இருந்தது. இங்கே அதுகூட இல்லை. காரணமே இல்லாத இடத்திலும் அது முளைக்கிறது என்றால், வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று அதைச் சொல்ல முடியுமா?

உவரிப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அதில் ஒரு வாளி இறைத்துப் பார்த்து, இந்த வாளி உப்பு, அடுத்த வாளி பரவாயில்லை என்று யாரும் கணக்கு எழுத மாட்டார்கள். ஊற்றே உவர்ப்பு. கிறிஸ்தவம் 'பாவங்கள்' என்று பன்மையில் சொல்வது வாளிகளை, 'பாவம்' என்று ஒருமையில் சொல்வது ஊற்றை. இயேசு மாற்கு சுவிசேஷத்தில் சொல்வது இதையேதான்: வெளியிலிருந்து வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளேயிருந்து, இருதயத்திலிருந்து வருவதுதான் தீட்டுப்படுத்தும். கொலை செய்யாதே என்பது பழைய கட்டளை, சகோதரன்மேல் வைத்த கோபத்திலேயே அது தொடங்கிவிட்டது என்கிறார். ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் 1515, 1516ஆம் ஆண்டுகளில், அப்போஸ்தலர் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதமான ரோமர் நிருபத்துக்கு விரிவுரை செய்தவர் மார்ட்டின் லூத்தர், பின்னால் புராட்டஸ்டண்ட் பிரிவைத் தொடங்கிவைத்தவர். அவர் இதற்கு ஒரு படம் கொடுத்தார்: தன்னை நோக்கியே வளைந்துபோன மனிதன். நல்லது செய்தாலும் அதில் தனக்கு என்ன கிடைக்கும் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறவன், கடவுளிடம் போனால்கூடத் தன் காரியத்துக்காகப் போகிறவன். அந்த எபிரேய 'அவோன்', கோணல், நினைவிருக்கிறதா?

என் நண்பன் கேட்டதற்குப் பதில் பாதி இங்கே வந்துவிட்டது. கிறிஸ்தவர்கள் 'பாவி' என்பது குற்றப் பத்திரிகை இல்லை. 'நோயாளி' என்பதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சொல், அதாவது இருக்கிற நிலையைச் சொல்வது. அந்த நோய்க்கு நோயாளியும் ஒரு விதத்தில் பொறுப்பு என்பதுதான் கஷ்டமான பகுதி. பவுல் அதை மறைக்காமல் எழுதுகிறார்: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தும் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு உரை தேவைப்படாது.

இந்த ஊற்று எப்போது உவர்ப்பானது? ஆதாம் ஏவாள் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தைத் திறந்து படித்தால் இரண்டு ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒன்று, அதில் ஆப்பிள் இல்லை, வெறும் கனிதான். இன்னொன்று, அந்த அதிகாரம் முழுக்கப் 'பாவம்' என்ற சொல்லே இல்லை. இருப்பதெல்லாம் நடந்த விஷயம்: தேவர்களைப் போல ஆவீர்கள் என்று ஆசை காட்டிய பாம்பு, தின்ற பழம், உடனே வந்த வெட்கம், அத்தி இலை, மரங்களுக்குப் பின்னால் ஒளிதல். "நீ எங்கே இருக்கிறாய்?" என்று கடவுள் கேட்கிறார். அப்புறம் நடப்பது நம் வீட்டுக் கூடத்தில் நடப்பது மாதிரியே இருக்கும்: ஆதாம் கையைப் பெண் பக்கம் நீட்டுகிறான், அதிலும் 'நீர் தந்த பெண்' என்று கடவுளையும் இழுத்துவிடுகிறான், பெண் பாம்பைக் காட்டுகிறாள், பாம்புக்குக் காட்ட ஆள் இல்லை. 'பாவம்' என்ற சொல் பைபிளில் முதல்முறை வருவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்வதற்குச் சற்று முன்பு. பாவம் வாசற்படியில் படுத்திருக்கும் என்று கடவுள் அவனை எச்சரிக்கிறார். வாசலில் பதுங்கிக் கிடக்கிற மிருகம் போல. முதல் அறிமுகத்திலேயே அது செயலாக வரவில்லை, காத்திருக்கிற ஒன்றாக வருகிறது.

இங்கிருந்துதான் ஜென்மப் பாவம், அதாவது பிறக்கும்போதே கூட வருகிற பாவம், என்கிற கோட்பாடு, அதைச் சுற்றி 1,600 வருஷமாக நடக்கிற சண்டை. அகுஸ்தீனார் காலத்தில் பெலாகியுஸ் என்று பிரிட்டனிலிருந்து வந்த ஒரு துறவி, ஆதாம் செய்தது ஆதாமோடு, அவன் நமக்குக் கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான், ஒவ்வொரு குழந்தையும் சுத்தமாகத்தான் பிறக்கிறது, நினைத்தால் பாவம் செய்யாமல் வாழலாம் என்றார். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும்? எசேக்கியேல் புத்தகத்திலேயே, அப்பன்மார் திராட்சைக்காய் தின்றார்கள், பிள்ளைகளுக்குப் பல் கூசியது என்று இஸ்ரவேலில் ஒரு பழமொழி வழங்கியதையும், அதை இனிமேல் சொல்லக்கூடாது என்று கடவுளே தடுத்ததையும் படிக்கலாம். அகுஸ்தீனார் மறுத்தார்: மனிதகுலம் முழுவதும் ஆதாமுக்குள் இருந்தது, அவன் விழுந்தபோது எல்லோரும் விழுந்தோம். அவர் படித்த லத்தீன் பைபிளில் ரோமர் 5:12 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று பொருள்படும்படி இருந்தது, கிரேக்க மூலத்தைப் பெரும்பாலானவர்கள் 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்றே படிக்கிறார்கள். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அந்தச் சின்னச் சொல்லும் ஒரு தூண். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் பெலாகியுஸின் கருத்துகளைக் கண்டனம் செய்தது, மேற்கத்திய திருச்சபை அகுஸ்தீனார் வழியிலேயே போனது.

கிழக்கே இருக்கிற ஆர்த்தடாக்ஸ் சபைகள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆதாமின் குற்றப்பழி நமக்கு வராது, அவனால் வந்த சாவும் சீர்கேடும்தான் நமக்கு வந்தது என்பது அவர்கள் நிலை, சர்ச்சை அவர்கள் ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். இதே ஆதியாகமத்தை வேதமாக வைத்திருக்கிற யூதர்களுக்கு ஜென்மப் பாவம் என்கிற கோட்பாடே கிடையாது. கத்தோலிக்கர்கள் 1546இல் திரெந்து சங்கத்தில் வைத்த முடிவு, ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தைப் போக்கிவிடும், தீமையின் பக்கம் சாயும் இழுப்பு மட்டும் மிஞ்சும், அந்த இழுப்பே பாவம் ஆகாது என்பது. அந்த இழுப்பும் பாவம்தான் என்பது லூத்தர் கட்சி. எனக்கு இதில் அகுஸ்தீனாரின் பேரிக்காய் புரிகிற அளவுக்கு அவருடைய பரம்பரைக் கணக்கு புரியவில்லை. ஊற்று உவர்ப்பு என்பதை என்னிடமே பார்க்கிறேன், அது எப்படி உவர்ப்பானது என்ற விளக்கம்தான் தொண்டையில் நிற்கிறது.

ஒரு கிளைக்கதை. எங்கள் பக்கம் அமலோற்பவம் என்று பெயர் வைத்த பாட்டிகள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அமலம் என்றால் மாசில்லாதது, உற்பவம் என்றால் தோன்றுதல். மரியாள் தன் தாயின் வயிற்றில் உருவானபோதே ஜென்மப் பாவம் இல்லாமல் உருவானார் என்பது அதன் பொருள், 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்த விசுவாசக் கோட்பாடு. இயேசு கன்னியிடம் பிறந்ததைச் சொல்வதாகவே முக்கால்வாசிப் பேர், அந்தப் பெயரை வைத்திருப்பவர்கள் உள்பட, நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாவத்தில் பெரிசு சின்னது உண்டா என்றால் கத்தோலிக்கர்கள் உண்டு என்பார்கள். சாவான பாவம் ஆவதற்கு மூன்று சேர வேண்டும்: விஷயம் கனமானது, கனமானது என்று நன்றாகத் தெரியும், தெரிந்து மனதார ஒத்துக்கொண்டு செய்தது. ஒன்று குறைந்தாலும் அற்பப் பாவம்தான். தலையான பாவங்கள் ஏழு என்று ஒரு பட்டியலும் உண்டு: அகங்காரம், கோபம், மோகம், உலோபம், போசனப்பிரியம், காய்மகாரம் (பொறாமை), சோம்பல். எகிப்துப் பாலைவனத்தில் இருந்த துறவி எவாக்ரியுஸ் எட்டுக் கெட்ட நினைவுகள் என்று எழுதியதை, 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஏழாகத் திருத்தி அமைத்தார். இந்த ஏழும் செய்கிற குற்றங்கள் அல்ல என்பதைப் பாருங்கள், கொலை, திருட்டு, பொய் எதுவுமே இதில் இல்லை. மற்றதெல்லாம் எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடங்கள். மறுபடி ஊற்றுதான்.

பட்டியலால் வருகிற வினையை நானே அனுபவித்திருக்கிறேன். புது நன்மை (முதல்முறை நற்கருணை) வாங்குவதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, எனக்கு ஒன்பது வயசு. செய்த பாவங்களை எத்தனை தடவை என்ற எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். நோட்டுத்தாளைக் கிழித்து எழுதிக்கொண்டு போனேன்: பொய் சொன்னது 7 தடவை, தங்கச்சியை அடித்தது 12 தடவை, அம்மாவுக்குக் கீழ்ப்படியாதது 20 தடவை. எண்ணெல்லாம் வரிசையில் நிற்கும்போது குத்துமதிப்பாகப் போட்டது. பாதி சொல்லும்போதே, இந்த எண் பொய்தானே, அப்படியானால் பொய் 8 ஆகாதா என்று ஓடியது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் அதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார், தங்கச்சிக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கவும் சொன்னார்.

செய்தது மட்டுமல்ல, செய்யாமல் விட்டதும் கணக்கில் உண்டு, நண்பனுக்கு இதையும் சொல்லியிருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற மன்றாட்டில், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் என்று சொல்லிவிட்டு, கடமையில் தவறியதாலும் என்று ஒன்று வரும். அதன்பின் நெஞ்சில் தட்டி "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே". யாக்கோபு நிருபம் இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறது, நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமல் போனால் அது பாவம். விபத்தில் விழுந்து கிடப்பவனைப் படம் எடுத்துவிட்டு நகர்கிறவன் சட்டப்படி யாரையும் ஒன்றும் செய்யவில்லை.

இனி கர்மா. கஷ்டம் வந்தால் 'எந்தப் பாவம் செய்தேனோ' என்று நம் வாயில் தானாக வரும், ஜெபமாலையைக் கையில் வைத்திருக்கிற என் அத்தைக்கும் வரும். இயேசுவின் சீடர்களுக்கும் வந்தது. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார். சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி அப்போது பேச்சாக இருந்திருக்கிறது, செத்தவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார், அதே மூச்சில் நீங்களும் மனந்திரும்புங்கள் என்றும் சொல்கிறார். ஒருவன் படுகிற கஷ்டத்தை வைத்து அவன் பாவத்தை அளக்க முடியாது. ஆனாலும் பாவத்துக்கு விளைவு உண்டு, "பாவத்தின் சம்பளம் மரணம்" என்கிறார் பவுல். சம்பளம் என்று தமிழில் வந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது படைவீரனுக்குக் கொடுக்கிற படிக்காசைக் குறிக்கும் சொல். வெளியிலிருந்து யாரோ போடுகிற அபராதம் அல்ல, எவனிடம் வேலைக்குச் சேர்ந்தாயோ அவன் கொடுக்கிற கூலி. அதே வசனத்தின் மறுபாதியில் வருவது கூலியே அல்ல, கிருபைவரம், சும்மா கிடைப்பது.

இந்தச் 'சும்மா'தான் சித்திரகுப்தன் பேரேட்டோடு ஒத்துப்போகாத இடம். பேரேட்டில் புண்ணியம் ஏற ஏறப் பாவம் கழியும், காசிக்குப் போனால் இவ்வளவு, அன்னதானம் போட்டால் இவ்வளவு. இயேசுவும் பாவத்தைக் கடன் என்று பேசுகிறவர்தான். 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்றுதான் மத்தேயுவில் ஜெபம் இருக்கிறது, அவர் பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். ஆனால் அவர் சொன்ன கடன் கதையில் இருக்கிற தொகையைப் பாருங்கள். ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குத் தர வேண்டியது 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு ஆளின் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி, வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் 2 லட்சம் வருஷம். பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று அவன் கெஞ்சுவதுதான் கதையின் நகைச்சுவை. தவணை போட்டு அடைக்கிற கடன் அல்ல அது. ராஜா மொத்தத்தையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்த அதே ஆள் தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனைத் தொண்டையைப் பிடிக்கிறான்.

பேரேடு அதற்காக ஒழிந்துவிடவில்லை, பின்வாசல் வழியாகச் சர்ச்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. பாவத்துக்கான தண்டனையைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று பலன்சீட்டு விற்கிற அளவுக்குப் போனதால்தான் 1517இல் லூத்தர் 95 கூற்றுகளோடு கிளம்பினார். இன்றைக்கும் காணிக்கை போட்டால் கணக்கு நேராகும் என்று நினைக்கிற கிறிஸ்தவர்கள் எல்லா சபையிலும் உண்டு. அப்படியானால் நல்லது செய்வது வீணா என்று கேட்டால், இல்லை, கடன் தள்ளுபடியானவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் அந்தக் கதையின் மறுபாதியே.

இதுவரை சொன்னதெல்லாம் தனி மனிதனைப் பற்றி. பாவம் அவனோடு நிற்பதில்லை, சுவராகவும் எழும். எங்கள் மாவட்டத்திலேயே வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனங்களைப் பிரித்து வைக்கும் சுவர் இருந்தது. ஒரே பலிபீடம், ஒரே நற்கருணை, நடுவில் சுவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது, எங்கள் உரிமை போயிற்று என்று தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. அந்தப் பக்கம் உட்கார்ந்து ஜெபித்த ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டிருந்தால், நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்றுதான் சொல்லியிருப்பார், ஒருவேளை அது உண்மையாகவும் இருந்திருக்கும். இந்த மாதிரிப் பாவத்துக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதிய சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்ற பெயரைப் பயன்படுத்தினார். சுவர் போனாலும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டு போய்ச் சொல்கிற பட்டியலில் இதை எந்த வரியில் எழுதுவது?

இவ்வளவையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நண்பனிடம் சொன்னேன், ஒரே டீயில் முடியவில்லை, மூன்று சாயங்காலம் ஆனது. கடைசியில் பவுல் தன் சிஷ்யன் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சொன்னேன், பாவிகளை இரட்சிக்கக் கிறிஸ்து வந்தார், அவர்களில் பிரதான பாவி நான் என்று எழுதுகிறார். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப அவரு 'பாவிகளே'ன்னு கூப்பிடக்கூடாதுல்லா? 'பாவிகளாகிய நாம்'னுதான சொல்லணும். நாங்ககூட இல்ல, நாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் கரகரத்தது. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். "பாவிகளே" என்றுதான் ஆரம்பித்தார்.